சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர்: விவசாயிகள் அறிய வேண்டிய விதிகள்

சூறைக்காற்றில் கோழிப் பண்ணைக் கொட்டகை சரிந்து விடுகிறது. மின்கசிவால் மோட்டார் அறை எரிந்து போகிறது. டிராக்டர் பள்ளத்தில் கவிழ்கிறது. இவற்றுக்கு இன்ஷூரன்ஸ் செய்துள்ள விவசாயிக்கு எவ்வளவு நஷ்ட ஈடு கிடைக்கும் என்பது பெரும்பாலும் ஒருவருடைய அறிக்கையைப் பொறுத்தது. அவர்தான் இன்ஷூரன்ஸ் சர்வேயர். நிலம் அளக்க வரும் சர்வேயர் வேறு, இவர் வேறு.

சர்வேயர் யார்?

1938-ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டம், 64யு.எம். பிரிவின்படி லைசென்ஸ் பெற்றவர் மட்டுமே இவ்வேலையைச் செய்யலாம். லைசென்ஸ் வழங்குவது இந்திய இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம். தீ, வாகனம், இயந்திரம் எனத் துறைவாரியாக லைசென்ஸ் உண்டு. வாகனத்துக்கு மட்டும் லைசென்ஸ் பெற்றவர் எரிந்த கொட்டகையை மதிப்பிட முடியாது. வாகன சேதம் ரூ.50,000-க்கும், பிற சேதம் ரூ.1 லட்சத்துக்கும் குறைவாக இருந்தால், லைசென்ஸ் பெற்ற சர்வேயர் இல்லாமலே கம்பெனி கணக்கை முடிக்கலாம்.

சர்வேயரை நியமிப்பதும், அவருக்குக் கட்டணம் கொடுப்பதும் கம்பெனியே. விவசாயி ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை. ஆனால் கம்பெனி பணம் கொடுக்கிறது என்பதற்காக அவர் கம்பெனி பக்கம் சாயக் கூடாது. நடுநிலையோடு மதிப்பிட வேண்டும் என்பது விதி. சேதமான சொத்தில் தமக்கோ, தம் உறவினருக்கோ, தொழில் கூட்டாளிக்கோ சம்பந்தம் இருந்தால் அவர் அதைத் தெரிவித்தாக வேண்டும்.

கால வரம்பு

2024 ஜூன் மாதம் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை ஒதுக்க வேண்டும். அவர் 15 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாட்களுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெற விவசாயிக்கு உரிமை உண்டு.

விவசாயி செய்ய வேண்டியவை

சேதம் நேர்ந்த உடனே கம்பெனிக்குத் தகவல் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்வது அவசியம். சர்வேயர் பார்வையிடும் முன் இடிபாடுகளை அப்புறப்படுத்தக் கூடாது. ஆனால் எஞ்சியதைக் காப்பாற்றுவதும் விவசாயியின் கடமை. நனையும் மூட்டைகளை மாற்றி வைக்க வேண்டியிருந்தால், முதலில் பல கோணங்களில் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். தீயணைப்பு நிலையச் சான்று, வாங்கிய ரசீதுகள், பழுது பார்க்கும் செலவுக்கான மதிப்பீடு ஆகியவற்றைச் சேகரித்து, சர்வேயரிடம் கொடுத்ததற்கு ஒப்புகை பெறுவது நல்லது. எழுதப்படாத வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது.

பாலிசித் தொகையையும் கவனிக்க வேண்டும். ரூ.10 லட்சம் பெறுமான கொட்டகையை ரூ.5 லட்சத்துக்கே இன்ஷூர் செய்திருந்தால், ரூ.2 லட்சம் சேதத்துக்கு ரூ.1 லட்சமே கிடைக்கக்கூடும். இதைச் சர்வேயரின் குறை என்று சொல்ல முடியாது.

அறிக்கையே முடிவல்ல

சர்வேயர் அறிக்கை முக்கியமானதே. ஆனால் அது மாற்ற முடியாத இறுதி முடிவல்ல என்று 2009-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துள்ளது. தக்க காரணம் காட்டாமல் கம்பெனி சர்வேயரை மாற்றி மாற்றி நியமிக்க முடியாது என்பதும் அதே ஆண்டில் வந்த மற்றொரு தீர்ப்பு.

மதிப்பீடு குறைவு எனத் தோன்றினால் முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், பதில் திருப்தி தராவிட்டாலும் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். நுகர்வோர் ஆணையத்தை நாடவும் வழி உண்டு.

இடைத்தரகர் எச்சரிக்கை

அமெரிக்காவில் பாலிசிதாரர் சார்பாகவே சேதத்தைக் கணக்கிட்டு வாதாடும் 'பப்ளிக் அட்ஜஸ்டர்கள்' உண்டு. பல மாநிலங்களில் அவர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம். புயலடிக்கும் புளோரிடா மாநிலத்தில், அரசு நெருக்கடி அறிவித்த பேரிடர் சேதங்களுக்கு முதல் ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேலும், மற்றவற்றுக்கு 20 சதவீதத்துக்கு மேலும் அவர்கள் கட்டணம் வாங்கக் கூடாது. நம் நாட்டில் இத்தொழிலுக்குத் தனி லைசென்ஸே கிடையாது. ஆகவே, "கிளெய்ம் வாங்கித் தருகிறேன், பாதி கொடுங்கள்" என்று வருபவரைக் கட்டுப்படுத்தும் கட்டண வரம்பும் இல்லை. அவரை நம்பி அசல் பாலிசியையும் கையெழுத்தையும் கொடுப்பது ஆபத்து.

பயிர் இன்ஷூரன்ஸ் முறை வேறு. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் மகசூல் இழப்பு, பெரும்பாலும் அந்தப் பகுதியில் நடத்தப்படும் பயிர் அறுவடைச் சோதனையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கொட்டகை, மோட்டார், டிராக்டர் ஆகியவற்றுக்கே மேற்கண்ட விதிகள் பொருந்தும். பாலிசியின் நகல் ஒன்றை வீட்டைத் தவிர வேறிடத்திலும் வைத்திருப்பது நலம். கொட்டகையோடு பாலிசியும் எரிந்து போனால் அலைச்சல் இரட்டிப்பாகும்.