இராகப் பெயருக்குள் ஒரு கணக்கு

நவராத்திரி நாட்களில் இரவு தீபாராதனை முடிந்து சுண்டல் பிரசாதமும் கைக்கு வந்த பிறகு, நம் ஆலய மண்டபத்தின் வடக்கு மூலையில் ஐந்தாறு பேர் வட்டமாக அமர்ந்து, தாளும் பென்சிலுமாக வாதாடிக்கொண்டிருப்பதை அன்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். "ஆலயக் கணக்கில் ஏதும் குளறுபடியோ?" என்று ஓர் உபயகாரர் என்னைத் தனியே அழைத்துக் கவலையோடு விசாரித்தார். கணக்குத்தான், ஆனால் இராகக் கணக்கு. அன்று அவருக்குச் சொன்ன விளக்கத்தையே மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் புதிர்களில் ஒன்று:

"மன்மதனின் அம்புகள் உள்ள தெருவில் ஐந்தாம் வீடு. அங்கே குடியிருப்பது சிவபெருமானின் ஆபரணம். தலையில் தைரியத்தைச் சூடிக்கொண்டால்தான் அதற்கு வீட்டு எண் கிடைக்கும். அது யார்?"

கர்நாடக இசையில் தாய் இராகங்கள் 72. இந்த 72 மேள அமைப்பை 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி தமது 'சதுர்தண்டி பிரகாசிகை' என்னும் நூலில் வகுத்துக் காட்டினார். இவற்றைப் பன்னிரண்டு சக்கரங்களாக, சக்கரத்துக்கு ஆறு இராகங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நாங்கள் பிள்ளைகளுக்குப் புரிவதற்காகத் தெரு என்றும் வீடு என்றும் சொல்லுவோம். தெருக்களின் பெயர்களே சிறு புதிர்கள்தாம். சந்திரன் ஒன்று, ஆகவே முதல் தெரு இந்து. கண் இரண்டு, ஆகவே நேத்ரம். அதன்பின் அக்னி மூன்று, வேதம் நான்கு, மன்மதனின் பாணம் ஐந்து, ருது ஆறு, ரிஷி ஏழு, வசு எட்டு, பிரம்மா ஒன்பது, திசி பத்து, ருத்ரர் பதினொன்று, ஆதித்யர் பன்னிரண்டு. திசை எட்டுத்தானே என்று கேட்பவர்கள் மேலையும் கீழையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தெரு தெரிந்தால் ரிஷபமும் காந்தாரமும் தெரிந்துவிடும். வீடு தெரிந்தால் தைவதமும் நிஷாதமும் தெரிந்துவிடும். முதல் 36 வீடுகளில் சுத்த மத்தியமம். அடுத்த 36 வீடுகளில் பிரதி மத்தியமம். மற்றபடி இரண்டு வரிசையும் ஒன்றே. 29ஆம் வீட்டோடு 36ஐக் கூட்டி 65ஆம் வீட்டுக் கதவைத் தட்டினால், மத்தியமம் மட்டும் மாறிய அதே சுரங்கள் எதிரே வந்து நிற்கும்.

எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி? இங்குதான் பெயருக்குள் ஒளிந்திருக்கும் திறவுகோல் வருகிறது. கடபயாதி என்பது அதன் பெயர். கேரளத்து வானியல் அறிஞர்கள் நீண்ட எண்களை மனப்பாடம் செய்வதற்காகச் சொற்களாக மாற்றி வைத்துக்கொண்ட முறை இது. வடமொழியின் க வர்க்கத்து ஐந்து எழுத்துகளுக்கு 1 முதல் 5. ச வர்க்கத்துக்கு 6, 7, 8, 9, அதன் கடைசி எழுத்தான ஞகரத்துக்கு 0. ட வர்க்கத்தில் மறுபடியும் 1 முதல் 5. த வர்க்கத்துக்கு 6, 7, 8, 9, அதன் நகரத்துக்கு 0. ப வர்க்கத்துக்கு 1 முதல் 5. ய, ர, ல, வ என்பவற்றுக்கு 1, 2, 3, 4. சங்கரன் என்பதில் வரும் சகரத்துக்கு 5, ஷ 6, ஸ 7, ஹ 8. க, ட, ப, ய நான்கும் ஒன்றில் தொடங்குவதால் கடபயாதி. கா, கி, கோ எல்லாம் ஒன்றே; உயிர்க்குறியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளின் எண்களை எடுத்துத் திருப்பிப் போட்டால் வீட்டு எண் வந்துவிடும். சரளி வரிசையில் நம் பிள்ளைகள் முதன்முதலாகப் பாடும் மாயாமாளவகௌளையைப் பாருங்கள். மா 5, யா 1. திருப்பினால் 15. மாளவகௌளை என்ற பழைய பெயரின் முன்னே 'மாயா' வந்து சேர்ந்ததற்குக் காரணம் இப்போது விளங்குமே! தோடிக்கு முன் ஹனும, கல்யாணிக்கு முன் மேச என்பவையும் இப்படி ஒட்டிய முகவரிச் சீட்டுகளே. புதிரில் வந்த ஆபரணம் சங்கராபரணம். அதன் தலையில் சூடிய தைரியம் 'தீர'. தீ 9, ர 2, திருப்பினால் 29. பாண சக்கரத்தில் ஐந்தாம் வீடு.

இத்தனை எளிதா என்று நினைக்க வேண்டாம். 2014ஆம் ஆண்டு நவராத்திரிக்காக நான் ஒரு விடைத்தாள் தயாரித்தேன். சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்கும் அதையே பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதில் கரகரப்ரியா 21 என்று எழுதியிருந்தேன். க 1, ர 2, திருப்பினால் 21. பிழை எங்கே?

எங்கள் வட்டத்தில் ஒரு தெலுங்குப் பெரியவர் இருந்தார். தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தெலுங்குப் பள்ளியில் படித்தவர். தாளைக் கண்ணருகே பிடித்து வாசித்துவிட்டு மெல்லக் கேட்டார்: "வாத்தியாரே, கீரவாணிக்கு என்ன எண்?"

கீ 1, ர 2. அதுவும் 21!

"ஒரே வீட்டில் இரண்டு குடித்தனமா?" என்றார்.

முப்பது ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவனுக்குப் பத்துப் பேர் நடுவில் தவற்றை ஒப்புக்கொள்வது எளிதன்று. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சாதித்தேன். நம் நாதஸ்வர வித்துவான் குறுக்கிட்டு, இரண்டையும் ஆரோகணமாக வாயாலேயே பாடிக் காட்டினார். பஞ்சமம் வரை இரண்டும் ஒன்றாகவே நடந்தன. அதற்கு மேல் பிரிந்தன. கீரவாணியில் சுத்த தைவதமும் காகலி நிஷாதமும். கரகரப்ரியாவில் சதுச்ருதி தைவதமும் கைசிகி நிஷாதமும். ரயில்வேயில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் விரல்விட்டு எண்ணினார். தெரு வேதம், இருவருக்கும் சரி. ஆனால் ஒருவர் மூன்றாம் வீடு, மற்றவர் நான்காம் வீடு. அப்படியானால் கரகரப்ரியா 22ஆக வேண்டும். எழுத்து ஏன் 21 என்கிறது?

பெரியவர் என் தாளின் ஓரத்தில் தெலுங்கில் இரண்டு எழுத்துகள் எழுதினார். இரண்டும் எனக்குக் 'க'தான். அவருக்கு வேறு வேறு. கரகரப்ரியாவின் முதல் எழுத்து வர்க்கத்தில் இரண்டாவது. தமிழில் நான்குக்கும் ஒரே எழுத்தை வைத்திருக்கிறோம்; நம் மொழிக்கு அது போதும், அதில் குறை ஒன்றுமில்லை. வடமொழிப் பெயரில் ஒளித்த எண்ணைத் தேடும்போதுதான் வழுக்கிவிடுகிறது.

வீட்டுக்குப் போனதும் தாயாரின் ஸ்தோத்திரப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தமிழ் எழுத்தின் பக்கத்தில் 2, 3, 4 என்று பொடி எண்கள் அச்சிட்டிருப்பார்களே, சிறு வயது முதல் அவற்றைத் தாண்டித்தான் படித்திருக்கிறேன். அவை வர்க்கத்தில் எத்தனையாவது எழுத்து என்பதைச் சொல்பவை. க, ட, ப வரிசைகளில் அந்தப் பொடி எண்ணே கடபயாதி எண். எண் போடாவிட்டால் 1. ச, த வரிசைகளில் அதோடு 5ஐக் கூட்ட வேண்டும். 'தீர' என்பதன் தகரம் நான்காவது. ஐந்தைக் கூட்டினால் 9. என்னிடமிருந்த மலிவுப் பதிப்பில் அந்தப் பொடி எண்களை விட்டுவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளிடம் தாள்களைத் திரும்ப வாங்கி, சிவப்பு மையால் நானே திருத்திக் கொடுத்தேன்.

கூட்டெழுத்து வந்தால் இன்னொரு தகராறு. பொதுவாகக் கடைசி மெய்யை எடுக்க வேண்டும். ரத்னாங்கியில் தகரத்தை விட்டு னகரத்தைக் கொள்ள, ர 2, ன 0, திருப்பினால் 02, சரி. சக்ரவாகத்தில் அப்படியே செய்தால் 26 வந்து சாருகேசியின் வீட்டில் போய் நிற்கும். அங்கே ககரத்தை எடுத்தால்தான் 16. இதற்கு என்ன நியாயம் என்று இரண்டு வாரம் சண்டையிட்டோம். இத்தகைய விலக்குகளைத் தனியே நினைவில் வைத்துக்கொள்வதே வழி என்று கடைசியில் விட்டுவிட்டோம்.

எண் மட்டுமன்றிப் பெயரையே பாட்டுக்குள் ஒளித்தவர்களும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் 'குருகுஹ' என்ற தம் முத்திரையோடு இராகத்தின் பெயரையும் பல கீர்த்தனைகளில் பொருளோடு இழைத்துவிடுவார். கோடீசுவர ஐயர் 72 மேளங்களிலும் முருகப்பெருமான் மீது தமிழிலேயே பாடி, 'கவிகுஞ்சரதாசன்' என்று முத்திரை வைத்தார். அவற்றைத் தேடிப் பாடுவது இவ்வாண்டு எங்கள் வேலை.

பெரியவர் 2019ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார். அதற்கு முன் அந்தச் சனிக்கிழமை வகுப்பிலிருந்த ஒரு பெண்பிள்ளைக்குத் தெலுங்கு எழுத்து முழுவதையும் ஒரு பள்ளி நோட்டில் எழுதிக் கற்றுக்கொடுத்திருந்தார். இப்போது எழுத்தில் ஐயம் வந்தால் நாங்கள் அவளைத்தான் பார்க்கிறோம். அவள் நோட்டைப் பார்க்கிறாள்.

இவ்வாண்டுக்கான புதிரை அவளே அமைத்திருக்கிறாள்: "திசைகள் உள்ள தெருவில் இரண்டாம் வீடு. முருகனுக்குப் பிரியமானவர் அங்கே இருக்கிறார். அவர் பெயரின் கூட்டெழுத்தில் முன் மெய்யை எடுத்தாலும் பின் மெய்யை எடுத்தாலும் எண் மாறாது. ஏன்?" விடை தெரிந்த அன்பர்கள் நவராத்திரி முதல் நாள் இரவு, சுண்டல் வாங்கிக்கொண்டு வடக்கு மூலைக்கு வரலாம்.