டெட்லைன்: தாண்டினால் உயிர் போன கோடு, ஆபீஸுக்குள் வந்தது எப்படி?

'வெள்ளிக்கிழமை டெட்லைன்' என்று மெயில் வந்தால் நம்மில் பலர் முதலில் பார்ப்பது, திங்கள் வரை இழுக்க முடியுமா என்றுதான். ஆனால் இந்த வார்த்தை பிரபலமான இடத்தில் எக்ஸ்டென்ஷன் எல்லாம் கிடையாது பாஸ். அங்கே டெட்லைன் என்பது நேரமே இல்லை. தரையில் போட்ட எல்லை.

1864, அமெரிக்க உள்நாட்டுப் போர். ஜார்ஜியா மாநிலம் ஆண்டர்சன்வில்லில் தென் மாநிலங்களின் ராணுவம் ஒரு போர்க்கைதி முகாமைத் திறந்தது. சுமார் 10,000 பேருக்கான இடம். ஆகஸ்ட் மாதம் உள்ளே அடைபட்டிருந்தவர்கள் 32,000 பேருக்கும் மேல்! மரச்சுவரிலிருந்து உள்பக்கமாக சுமார் 19 அடி தள்ளி, கம்புகள் நட்டு, மேலே மெல்லிய மரச்சட்டம் அடித்திருந்தார்கள். அதுதான் 'டெட் லைன்'. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ, சுவர் மேல் நிற்கும் காவலர் சுட்டுவிடலாம்.

தப்பிக்கப் பார்த்தவர்கள் மட்டும் சாகவில்லை. குடிக்க, குளிக்க என எல்லாத்துக்கும் முகாமுக்குள் ஓடிய ஒரே ஓடைதான். கழிவு கலக்காத தண்ணீர் வேணும்னா, ஓடை உள்ளே நுழையும் இடத்துக்குப் போகணும். அங்கே குறுக்கே இந்தக் கோடு. கொஞ்சம் சுத்தமான தண்ணிக்காகக் கையை நீட்டியவர்கள் சுடப்பட்டதாக, உயிர் பிழைத்த கைதிகள் சொல்லியிருக்கிறார்கள். இதைவிடக் கொடுமை, பல இடங்களில் மரச்சட்டமே இல்லை. கோடு இங்கேதான் இருக்குன்னு கைதியே கற்பனை பண்ணிக்கணும். போருக்குப் பிறகு முகாம் அதிகாரி ஹென்றி விர்ஸ் மீதான குற்றச்சாட்டிலேயே இது இடம்பெற்றது. 1865 நவம்பர் 10-ம் தேதி வாஷிங்டனில் அவர் தூக்கிலிடப்பட்டார். முகாமில் அடைக்கப்பட்ட சுமார் 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் இறந்தார்கள். துப்பாக்கியைவிட பசியும் நோயும் கொன்றதுதான் அதிகம்.

பிறகு அச்சகத்துக்குள்ளும் ஒரு டெட்லைன் வந்தது. அச்சு இயந்திரத்தில் ஓர் எல்லைக்கோடு. அதைத் தாண்டி வைத்த எழுத்து பேப்பரில் ஒழுங்காக விழாது. 1920 வாக்கில் அமெரிக்க நியூஸ்ரூம்களில், 'இதுக்கு மேல வந்தா இந்தப் பதிப்பில் செய்தி வராது' என்ற நேரத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆக, இடத்தைக் குறித்த வார்த்தையை நேரமாக மாற்றி உங்க தலையில் கட்டிய புண்ணியம் எங்க தொழிலுக்குத்தான்! அங்கிருந்து காலேஜ் அசைன்மென்ட், வரிக் கணக்கு, கிளையன்ட் வேலை என்று பரவி, இப்போ 'சாஃப்ட் டெட்லைன்' வரை வந்தாச்சு.

ஆண்டர்சன்வில் இன்று தேசிய வரலாற்றுத் தலம். பழைய மரச்சுவரும் அந்தக் கோடும் இருந்த இடங்களில் புல்வெளிக்கு நடுவே வெள்ளைக் கம்பங்கள் நட்டு வைத்திருக்கிறார்கள்.