பஞ்ச மாதங்களில் கைகொடுக்கும் தானிய வங்கி

தை மாதம் களத்தில் கேழ்வரகும் சோளமும் குவிந்து கிடக்கும்போது பசியைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. உரக்கடைப் பாக்கி, கைமாற்றுக் கடன், வீட்டுச் செலவு என்று அவசரங்கள் வரிசையில் நிற்பதால், சிறு விவசாயி விளைச்சலில் பெரும்பகுதியைக் களத்து மேட்டிலேயே கிடைத்த விலைக்கு விற்று விடுகிறார். ஆடி பிறக்கும்போது குதிர் காலி. விதைப்பு வேலையோ அப்போதுதான் தொடங்குகிறது. உழைப்பு மிகுந்த அந்த நாட்களில்தான் அடுப்பில் உலை வைக்கத் தானியம் இருப்பதில்லை.

அப்போது இரண்டே வழிகள். தான் விற்ற தானியத்தைக் கூடுதல் விலை கொடுத்துக் கடையில் வாங்க வேண்டும். அல்லது வசதி உள்ளவரிடம் கடனாகப் பெற வேண்டும். ‘ஒன்றுக்கு ஒன்றரை’ என்ற கணக்கில் ஆடியில் 1 மூட்டை வாங்கியவர் தையில் ஒன்றரை மூட்டை அளக்கிறார். ஆறே மாதத்தில் 50 சதவிகித வட்டி! அதை அளந்த பிறகு அடுத்த ஆடிக்கு மிஞ்சுவது இன்னும் குறைவு. இந்தச் சுழலிலிருந்து தனி ஒரு குடும்பம் மீள்வது கடினம். ஊர் சேர்ந்தால் மீளலாம். அதற்கான வழியே தானிய வங்கி.

தானிய வங்கி என்றால் என்ன?

அறுவடைக் காலத்தில் ஊரார் அனைவரும் ஆளுக்குக் கொஞ்சம் தானியத்தை ஒரு பொது இடத்தில் சேர்த்து வைக்கிறார்கள். பஞ்ச மாதங்களில் தேவைப்படும் குடும்பங்கள் அதிலிருந்து கடனாகப் பெறுகின்றன. அடுத்த அறுவடையில் வாங்கிய தானியத்தையும் அதற்கு மேல் சிறிது கூடுதலாகவும் திருப்பி அளக்கின்றன. பணம் கைமாறுவதில்லை. கூடுதலாக வரும் தானியம் எந்தத் தனி மனிதருக்கும் போவதில்லை. வங்கியின் இருப்பிலேயே சேருகிறது.

பெரிய நகரங்களில் உள்ள உணவு வங்கிகள் வேறு விதமானவை. 1967-ல் அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கியது அவற்றுக்கு முன்னோடி. வீணாகப் போகும் உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரட்டி ஏழைகளுக்கு வழங்குவது அதன் முறை. கிராமத் தானிய வங்கியில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர் என்ற நிலை இல்லை. இன்று கொடுத்தவர் நாளை பெறுவார். இன்று பெற்றவர் நாளை கொடுப்பார்.

செய்து பார்த்தவர்கள்

ஆந்திரத்தின் ஜாகீராபாத் பகுதியில் (இன்று தெலங்கானாவில் உள்ளது) தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த பெண்கள் 1990-களில் தரிசாகக் கிடந்த நிலங்களைத் திருத்திச் சோளம் பயிரிட முன்பணம் கொடுத்தார்கள். அந்தக் கடனைச் சோளமாகவே திரும்பப் பெற்று ஊரிலேயே சேமித்தார்கள். பஞ்ச மாதங்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் அளித்தார்கள். எந்தக் குடும்பம் மிகவும் ஏழை என்பதை ஊராரே கூடிப் பேசி முடிவு செய்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

நம் கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு முதலியவற்றைச் சேமிக்க ‘தொம்பை’ என்னும் களஞ்சியங்கள் வழி வழியாக இருந்து வந்துள்ளன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஊர்ப் பொது விதை வங்கிகளை அமைக்க உதவியது. மத்திய அரசும் 1996-97-ல் கிராமத் தானிய வங்கித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. குடும்பத்திற்கு 1 குவிண்டால் வீதம், 30 முதல் 40 குடும்பங்களுக்கு ஒரு வங்கி என்பது அத்திட்டத்தின் அளவு.

எவ்வளவு சேர்க்கலாம்?

30 குடும்பங்கள் ஆளுக்கு 50 கிலோ கேழ்வரகு சேர்ப்பதாக வைத்துக் கொள்வோம். மொத்தம் 1,500 கிலோ. இதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 300 கிலோவை, எதிர்பாராத ஆபத்துக்கு ஒதுக்கி வைத்து 1,200 கிலோவைக் கடனாகக் கொடுக்கலாம். 10 சதவிகிதம் கூடுதலாகத் திரும்பினால் 1,320 கிலோ வரும். ஒதுக்கியதையும் சேர்த்து இருப்பு 1,620 கிலோ ஆகும். சேதாரத்தில் சற்றுக் குறைந்தாலும் முதல் அழியாது. ‘ஒன்றுக்கு ஒன்றரை’ முறையில் 100 கிலோவுக்கு 150 கிலோ அளந்தவர் இங்கே 110 கிலோ அளந்தால் போதும். மிஞ்சிய 40 கிலோ அவர் வீட்டுக் குதிரிலேயே இருக்கும்.

நிலமற்ற தொழிலாளர்களை விட்டு விடக் கூடாது. பசி முதலில் தட்டுவது அவர்கள் கதவைத்தான். களத்தில் கூலியாகக் கிடைக்கும் தானியத்தில் ஒரு சிறு பங்கை அவர்கள் சேர்க்கலாம். அல்லது கிடங்கைச் சுத்தம் செய்தல், தானியம் உலர்த்துதல் போன்ற வேலையைத் தங்கள் பங்காக அளிக்கலாம். தினமும் உலையில் இடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் நம் பெண்களுக்குப் புதிதல்ல. ஒரு பிடி 50 கிராம் என்றாலும், 40 வீடுகளில் மாதத்திற்கு 60 கிலோ சேர்ந்து விடும். துணையில்லாத முதியவர்களுக்குத் திருப்பிக் கேட்காமல் கொடுக்க இது உதவும்.

தானியத்தைக் காக்கும் முறை

சேமித்த தானியம் பூச்சிக்கும் எலிக்கும் போனால் வங்கி மீதுள்ள நம்பிக்கையும் போய்விடும். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

தானியத்தின் ஈரப்பதம் 12 சதவிகிதத்திற்கு மேல் இருக்கக் கூடாது. வெயிலில் நன்கு காய வைத்து, சூடு ஆறிய பிறகே மூட்டை கட்ட வேண்டும். கடித்தால் ‘கடுக்’கென்று உடைவது நன்கு காய்ந்ததற்கு அடையாளம்.

பழைய சாக்குகளில் பூச்சி முட்டைகள் இருக்கும். கொதிநீரில் அலசி, வெயிலில் உலர்த்திய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச் சட்டங்களின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்க வேண்டும். நிழலில் உலர்த்திய வேப்பிலை, நொச்சி இலைகளை இடையே போடலாம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப் பொறி, துளைகள் உள்ள ஒரு குழாய். தானியத்தில் செருகி வைத்தால் வண்டுகள் துளை வழியே நுழைந்து உள்ளே விழுந்து விடும். பூச்சி வந்திருப்பதைத் தொடக்கத்திலேயே கண்டு கொள்ளலாம்.

விஷ வாயு மாத்திரைகளைக் குடியிருக்கும் வீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது, உயிருக்கு ஆபத்து. மருந்து கலந்த விதையையும் உணவுத் தானியத்துடன் சேர்க்கலாகாது.

கணக்கும் கட்டுப்பாடும்

வங்கியை நடத்த ஐந்து அல்லது ஏழு பேர் கொண்ட குழு போதும். பாதிப் பேராவது பெண்களாக இருப்பது நல்லது. வீட்டில் தானியம் எப்போது தீரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கிடங்குக்கு இரண்டு பூட்டுகள், இரண்டு சாவிகள் வெவ்வேறு வீடுகளில். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் ஒரே தராசு. பெயர், தேதி, அளவு, கையொப்பம் அல்லது கைநாட்டு ஆகியவை ஒரே நோட்டில். மாதம் ஒரு முறை கணக்கை ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும்.

மழை பொய்த்து விளைச்சல் இல்லாத ஆண்டில் கடனை அடுத்த அறுவடை வரை கூடுதல் இன்றித் தள்ளி வைக்கலாம். இந்த விதியை முதல் நாளே எழுதி வைத்தால் பின்னால் சச்சரவு வராது.

வெளியிலிருந்து வரும் இலவசத் தானியத்தை மட்டும் நம்பித் தொடங்கினால், அதைத் தின்று தீர்த்ததும் வங்கி முடிந்து விடும். ‘யாரோ கொடுத்தது’ என்ற எண்ணம் இருந்தால் திருப்பி அளக்க மனம் வராது. ஒவ்வொரு வீட்டுத் தானியமும் அதில் கலந்திருந்தால், தராமல் விட்டவரை அடுத்த வீட்டுக்காரரே கேட்பார். உதவி பெறலாம், ஆனால் முதல் மூட்டை ஊருடையதாக இருக்க வேண்டும்.

ரேஷன் அரிசி இருக்கும்போது எதற்கு?

தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 முதல் ரேஷனில் இலவச அரிசி கிடைக்கிறது. அது பெரும் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் உழவு, களையெடுப்பு நாட்களில் அந்த அளவு மட்டும் மாதம் முழுவதற்கும் போதாத வீடுகள் உண்டு. கேழ்வரகு, கம்பு, சாமை, பயறு வகைகளின் சத்து அரிசியில் மட்டும் கிடைப்பதில்லை. மேலும் விதைப்புக்கென வைத்த தானியத்தைப் பசிக்குத் தின்ற விவசாயி, அடுத்த போகத்திற்கு விதை தேடிக் கடன் வாங்குகிறார். உணவுத் தானியத்துடன் விதையையும் தனிக் கலத்தில் சேமிக்கும் வங்கி இந்த நிலையையும் தவிர்க்கும்.

பெரிய கட்டடமோ நிதியோ வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வரும் அறுவடையில் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஆளுக்கு 1 மூட்டை ஒதுக்கி, ஒரு நோட்டும் ஒரு தராசும் வைத்துத் தொடங்கலாம். அந்தப் பத்து மூட்டைகள் அடுத்த ஆடியில் அந்தப் பத்து வீட்டு அடுப்புகளையும் அணையாமல் காக்கும்.