சுடும்படி உத்தரவு வந்தால்

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி, கான் அப்துல் கபார் கான் முதலிய தலைவர்கள் கைதானதைக் கண்டித்துப் பெஷாவர் நகரத்தின் கிஸ்ஸா குவானி கடைவீதியில் திரண்டிருந்த நிராயுதபாணிகளான பட்டாணியர்கள்மீது சுடும்படி உத்தரவு பிறந்தபோது, ராயல் கடுவால் ரைபிள்ஸ் படையின் ஹவில்தார் சந்திர சிங்கும் அவரைப் பின்பற்றிய சிப்பாய்களும் சுட மறுத்துவிட்டனர். அன்று வேறு துருப்புகளின் குண்டுகளுக்குப் பலர் பலியாயினர் என்பதும், மறுத்தவர்களை ராணுவ நீதிமன்றம் விசாரித்துச் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனையும் ஏனையோருக்குப் பலவகைத் தண்டனைகளும் விதித்தது என்பதும், 1941இல்தான் அவர் விடுதலையானார் என்பதும் இச்சம்பவத்தின் பிற்பகுதி.

இதைவிடச் சிந்தனைக்குரியது ஒன்றுண்டு. 1931ஆம் ஆண்டின் காந்தி–இர்வின் ஒப்பந்தம் சத்தியாக்கிரகிகளை விடுவித்தபோதிலும், உத்தரவை மீறிய சிப்பாய்களுக்கும் போலீஸாருக்கும் அந்தச் சலுகை கிடையாதென்று தெளிவாகவே விலக்கிவிட்டது. அகிம்சையின் ஆசிரியரான காந்தியடிகளும், சுட மறுத்த சிப்பாய் தன் பிரமாணத்தை மீறியவனே என்றும், நாளை தாம் அதிகாரத்துக்கு வந்தால் இதே சிப்பாய்களைக் கொண்டே ஆள நேருமென்றும் ஒரு பேட்டியில் விளக்கினார். ஆயுதம் ஏந்தியவன் தனக்குத் தோன்றியபடி நடக்கலாமென்றால், இன்று நமக்காகத் துப்பாக்கியைத் தாழ்த்துகிறவன் நாளை நமக்கெதிராக உயர்த்தவும் கூடும் என்ற அச்சம் நியாயமானதே.

ஆயினும் கீழ்ப்படிதலின் விலையை 1919இல் அமிர்தசரஸ் கண்டது. ஜெனரல் டயரின் உத்தரவின்பேரில், கலைந்துபோகும்படி எச்சரிக்கை எதுவுமின்றி, கூடியிருந்த மக்கள்மீது ஐம்பது சிப்பாய்கள் 1,650 ரவைகளைச் சுட்டனர். அரசாங்கக் கணக்கின்படியே இறந்தவர்கள் 379 பேர். டயர் பதவியை இழந்தார். குற்றவாளிக் கூண்டில் அவர் ஏறவேயில்லை. மறுத்தவர் சிறை சென்றதையும் சுட்டவர் வீடு சென்றதையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவர்களுக்கு, ராணுவத் தலைவர்கள் பிரஜைகளுக்கு எதிரான உத்தரவுக்குப் பணிவார்களா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பணிவார்கள் என்பதைத் தவிர வேறு விடை தோன்றாது. ஆகவே நம் பாதுகாப்பைத் தளபதியின் மனச்சாட்சியை நம்பி விட்டுவிடாமல், சட்டம் அவர்மீது விதித்திருக்கும் நிபந்தனைகளை நாம் அறிந்துவைத்திருப்பதே விவேகம்.

1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், 41ஆம் பிரிவில், கீழ்ப்படியாமையைக் கடுங்குற்றமாக்குகிறது. ஆனால் மீறப்பட்டது சட்டபூர்வமான உத்தரவாக இருந்தால்தான் குற்றம். அது சட்டபூர்வமானதா என்று அந்த நொடியில் தீர்மானிக்கும் பொறுப்பையும், தவறினால் வரும் தண்டனையையும் சிப்பாயே சுமக்கவேண்டும் என்பதுதான் இதிலுள்ள கொடுமை. சட்டவிரோதக் கூட்டத்தை வேறு வழியில் கலைக்க இயலாதபோது, மாவட்ட மாஜிஸ்திரேட் அல்லது அவர் அதிகாரமளித்த நிர்வாக மாஜிஸ்திரேட் ராணுவத்தின் உதவியைக் கோரலாமென்று, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 149ஆம் பிரிவு கூறுகிறது. கோரிக்கைக்கு அதிகாரி பணிந்தே ஆகவேண்டும், ஆனால் எவ்விதம் நிறைவேற்றுவது என்பது அவருடைய உசிதத்தைப் பொறுத்தது, உயிருக்கும் உடைமைக்கும் கூடியமட்டும் குறைந்த தீங்கே நேரவேண்டும். சுடாமலே கூட்டத்தைக் கலைக்க முடியுமானால், அவ்வாறே கலைப்பதுதான் அந்த அதிகாரியின் கடமை என்பது இதன் பொருள்.

இடரும் இல்லாமலில்லை. ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் அமலிலுள்ள பகுதிகளில், மத்திய அரசின் முன் அனுமதியின்றிப் படைவீரர்மீது வழக்குத் தொடர இயலாது. 2021 டிசம்பரில் நாகாலாந்தின் ஓட்டிங்கில், சுரங்க வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளரைத் தீவிரவாதிகளெனக் கருதிப் படையினர் சுட்டுக் கொன்ற விஷயத்தில், மாநிலப் போலீஸ் 30 பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தும், அனுமதி மறுக்கப்பட்டதால் 2024இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை முடித்துவைத்தது. பிற்பாடு அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்ற ஒரு வாசலை மட்டும் திறந்துவைத்தது. இருந்தும், படையினருக்குப் பூரணமான விலக்குரிமை என்று ஒன்று கிடையாதென, மணிப்பூர் வழக்கொன்றில் 2016இல் அதே நீதிமன்றம் உறுதியாகக் கூறியிருப்பதை மறக்கலாகாது.

எனவே, ஒருவரைப் படையினர் பிடித்துச் சென்றால், அவரைத் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தாக வேண்டும் என்பதையும், 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது அரசியலமைப்பு அளித்த உரிமை என்பதையும் உறவினர் எடுத்துரைக்கவேண்டும். நேரம், இடம், வாகன எண், சாட்சிகள் ஆகியவற்றை அன்றே எழுதிவைப்பது பின்னால் பெரிதும் பயன்படும். ஆள் திரும்பாவிடில் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். மணிப்பூரில் படையினர் கொண்டுபோன இருவரை அரசு ஆஜர்படுத்தத் தவறியதற்காக, அவர்களுடைய மனைவியருக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் வழங்க 1984இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. போலீஸ் நிலையம் புகாரை ஏற்க மறுத்தால் மாவட்டப் போலீஸ் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். பிறகும் பயனில்லையேல் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். எனினும் ராணுவத்தினரைப் பற்றிய புகாரில் மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பரிந்துரைப்பதோடு அதன் அதிகாரம் முடிந்துவிடுவதால், அதை மட்டும் நம்பியிருக்கவேண்டாம். ஆணையத்துக்கான மனுவைச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் அனுப்பிவிடுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச உதவியைக் கேட்டுப் பெறலாம்.