பெற்ற பிள்ளைகளை விழுங்கிய தகப்பன்!
கிரேக்கருக்கு இந்தக் கதை எங்கிருந்து வந்தது?

பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு ஆனந்தம். கிரேக்கர்களின் தெய்வமான குரோனசுக்கோ, பயம்!

"உன் மகனே உன் பதவியைப் பறிப்பான்" என்று அவனைப் பெற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆகவே, குழந்தை பிறக்கப் பிறக்க விழுங்கினான். 5 குழந்தைகள் அவன் வயிற்றுக்குள் போயின.

6-வதாகப் பிறந்தவன் சியூஸ். தாய் ரியா அவனைக் கிரீட் தீவில் ஒளித்தாள். ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கணவனிடம் கொடுத்தாள். குரோனஸ் அதையும் விழுங்கினான்!

சியூஸ் வளர்ந்தான். தகப்பனைக் கக்க வைத்தான். முதலில் வந்து விழுந்தது அந்தக் கல்!

குரோனசும் லேசுப்பட்டவன் அல்ல. தாயின் பேச்சைக் கேட்டு, தன் தகப்பனான வானக் கடவுளை அரிவாளால் அறுத்து, ஆண்மை இழக்கச் செய்தவன். அப்படிப் பட்டத்துக்கு வந்தவனுக்கு மகன் மேல் பயம் வராமல் இருக்குமா?

கி.மு. 700-ம் ஆண்டு வாக்கில் இதைப் பாடியவர் ஹீசியட். ஆடு மேய்த்தவர். இவ்வளவு கோரமும் அவருடைய கற்பனை என்று எண்ணினால் அது தவறு.

மண்ணுக்குள் கிடந்த கதை

1906-ல் துருக்கியில் போகாஸ்கோய் என்ற ஊரில் பூமியைத் தோண்டினார்கள். அது ஹிட்டைட் மன்னர்களின் பழைய தலைநகரம். ஆயிரக்கணக்கில் களிமண் பலகைகள் கிடைத்தன. எழுத்துத் தெரிந்தது, பாஷை புரியவில்லை. 1915-ல் செக் அறிஞர் ஹிரோஸ்னி அதற்கு வழி கண்டார்.

பின்னர், உடைந்த பலகைகளைப் படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். அதே கதை!

வானக் கடவுள் அனு. அவனுக்குக் கிண்ணம் ஏந்திய குமார்பி, 9 ஆண்டு சேவகம் செய்துவிட்டுச் சண்டைக்கு வந்தான். அனுவின் ஆண்மையைப் பல்லால் கடித்து விழுங்கினான். அதுவே வயிற்றில் கருவாயிற்று. பிறந்தவன் இடி மின்னலின் கடவுள். அவன் குமார்பியின் பட்டத்தைப் பறித்தான். சியூசும் இடிக் கடவுள்தானே! குமார்பி ஒரு கல்லைத் தின்னப் போய்ப் பல் வலித்ததும் அதில் உண்டு.

பலகைகள் ஹீசியடுக்குச் சுமார் 500 ஆண்டு மூத்தவை. ஹிட்டைட்டுகளும் இதை ஹுர்ரியர் என்ற மக்களிடம் கேட்டவர்களே. சிரியாக் கரையில் வாணிபம் செய்த கிரேக்கர்கள் சரக்கோடு கதையையும் கொண்டுபோயிருக்கலாம் என்கிறார்கள் அறிஞர்கள்.

கிரேக்கர்களிலேயே இந்தக் கதையை வெறுத்தவர் உண்டு. "தெய்வமே செய்ததே!" என்று பிள்ளைகள் தகப்பனை அடிக்கத் துணிவார்கள் என அஞ்சினார் தத்துவஞானி பிளேட்டோ. சிறுவர் காதில் இது விழவே கூடாது என்றார்.

ஜனங்கள் கேட்கவில்லை. குரோனஸ் கக்கிய கல் இதுதான் என்று டெல்பி கோவிலில் ஒரு கல்லைக் காட்டினார்கள். கி.பி. 2-ம் நூற்றாண்டில் பாசனியாஸ் என்ற யாத்திரிகர் அதை நேரில் பார்த்தார். பெரிய கல் அல்ல. தினமும் அதற்கு எண்ணெய் வார்த்தார்கள். திருவிழா நாட்களில் நூற்காத கம்பளி மயிரைச் சாத்தினார்கள்.