ஒரு வாய் வாங்கிக்கோடா, கண்ணா!

திருவண்ணாமலையில் அம்மனுக்கு உண்ணாமுலை என்று திருநாமம். வடமொழியில் அபீதகுசாம்பாள். பிள்ளைகள் வாய் வைத்துப் பருகாத முலையை உடையவள் என்று பொருள் சொல்வார்கள். உலகத்துக்கே படியளக்கும் தாய்க்கு இப்படி ஒரு பெயரா என்று ஒரு பௌர்ணமி இரவு கிரிவலம் வரும்போது வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தேன். யோசனையைக் கிளப்பி விட்டவன் இரண்டு வயதுப் பையன் ஒருவன். பெயர் தெரியாது. 'உண்ணாப் பிள்ளை' என்று வைத்துக்கொள்ளலாம்.

மலையைச் சுற்றி வரும் பாதை 14 கிலோமீட்டர். அதில் ஏறக்குறையப் பாதி வழியில், மலைக்கு மேற்கே இருக்கிறது அடி அண்ணாமலை. அதுவரை அலுக்காமல் வந்த கால்கள் இங்கே வந்ததும், "கொஞ்சம் உட்காரேன்" என்று கெஞ்ச ஆரம்பிக்கும். நானும் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஜமக்காளம் விரித்து ஒரு சென்னைக் குடும்பம். அம்மா, அப்பா, அப்பாவைப் பெற்றவர், நம் கதாநாயகன். நடுவே எவர்சில்வர் டப்பாவில் தயிர் சாதம்.

"ஒரு வாய் வாங்கிக்கோடா, கண்ணா! அதோ பார், நிலா!"

பையன் நிலாவைப் பார்த்தான். மலையையும் பார்த்தான். வாயை மட்டும் திறக்கவில்லை.

அம்மா கைப்பேசியை எடுத்துப் பொம்மைப் படம் ஒன்றை ஓட விட்டாள். வாய் தானாகத் திறந்தது. ஒரு கவளம் உள்ளே போயிற்று. இரண்டாவது கவளம் கன்னத்திலேயே தங்கி, சற்று நேரத்தில் மோவாய் வழியாக இறங்கிச் சட்டைக்கு வந்து சேர்ந்தது.

"மூக்கைப் பிடிச்சு ஊட்டும்மா. இவனை நான் அப்படித்தான் வளர்த்தேன்" என்றார் மாமியார். 'இவன்' என்று சுட்டப்பட்டவர், அதுவரை பார்க்காத கோபுரத்தை அப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"எடை சரியாத்தான் இருக்குன்னு டாக்டர் சொல்றார், அத்தை. ஆனா பார்க்கிறவங்க எல்லாரும், 'ஏன் இளைச்சிருக்கான்'னு என்னைத்தானே கேட்கிறாங்க?" அந்தப் பெண்ணின் குரல் கடைசியில் உடைந்துவிட்டது.

இதற்குள் பையன் நழுவி அடுத்த சாக்குக்குப் போய்விட்டான். அங்கே உள்ளூர்க் கிழவி ஒருத்தி, வேகவைத்த மல்லாட்டையைத் தன் பேரனுக்கு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. 'மணிலாக் கொட்டை' இந்தப் பக்கத்தில் இப்படி மருவிவிட்டது. திருவண்ணாமலைச் சீமையில் அது விளையாத ஊர் குறைவு.

"இன்னா கண்ணு, வோணுமா?" என்றாள் கிழவி. ஒரு பருப்பைத் தோல் நீக்கி, இரண்டு விரலால் நசுக்கி, அவன் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். பையன் அதை முகர்ந்தான், நக்கினான், தின்றான். கையை மறுபடி நீட்டினான்.

அவன் தின்றானா என்று கிழவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பாராமுகத்தில் எவ்வளவு விஷயம் இருக்கிறது! பருப்பை முழுசாகக் கொடுக்காமல் நசுக்கிக் கொடுத்தாளே, அது அதைவிடப் பெரிய புத்தி. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கடலை, முழுத் திராட்சை இவையெல்லாம் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு.

கிழவி செய்ததையே, 1926-ல் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற பெண் டாக்டர் ஆராய்ச்சியாகத் தொடங்கினார். அப்போதுதான் பால் மறந்த குழந்தைகளைச் சேர்த்து, சில வருஷங்களில் மொத்தம் 15 குழந்தைகளை இப்படி வளர்த்துப் பார்த்தார். முப்பதுக்கு மேற்பட்ட பதார்த்தங்களின் பட்டியல். பால், முட்டை, இறைச்சி, தானியம், காய், கிழங்கு, பழம் எல்லாம் அதில் உண்டு. வேளைக்கு வேளை அவற்றில் பலவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் குழந்தையின் முன் வைப்பார்கள். பக்கத்தில் தாதி கரண்டியுடன் உட்கார்ந்திருப்பாள். குழந்தை கை நீட்டிக் காட்டினால் ஊட்டலாம். "சாப்பிடு" என்று சொல்லக் கூடாது. சாப்பிட்டால் "சமர்த்து" என்று மெச்சவும் கூடாது.

பிள்ளைகள் தின்ற விதம் பெரியவர்கள் கண்ணுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. ஒரு வேளை வெறும் பழம், ஒரு வேளை முட்டையாக விழுங்குவது என்று. ஒரு குழந்தையின் தினுசு மற்றதற்கு இல்லை. ஆனால் மாதக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்திருந்தன. எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயோடு வந்த குழந்தை ஒன்று, கிண்ணத்திலிருந்த மீன் எண்ணெயைத் தானே கேட்டுக் குடித்து வந்ததாம். நோய் குணமான பிறகு அதை விட்டுவிட்டதாம்!

"அப்படியானால் பிஸ்கட் டப்பாவையே முன்னால் வைத்துவிடலாமா?" என்று யாரும் கேட்க வேண்டாம். சூட்சுமம் பட்டியலில்தான் இருக்கிறது என்று 1939-ல் டேவிஸே எழுதினார். அதில் சர்க்கரை இல்லை, மிட்டாய் இல்லை, தீட்டிய மாவுப் பண்டம் இல்லை. எதைத் தொட்டாலும் நல்லது என்ற அளவுக்குத் தேர்ந்து வைத்தவர்கள் பெரியவர்கள். அதற்குப் பிறகுதான் பிள்ளைக்கு சுதந்திரம். 1980-களில் எலின் சாட்டர் என்ற அமெரிக்க ஆகார நிபுணர் இதை வீட்டுக்குப் பொருந்தும் ஏற்பாடாகவே சொல்லிவிட்டார்: என்ன, எப்போது, எங்கே என்பது தாயின் இலாகா, எவ்வளவு, வேண்டுமா வேண்டாமா என்பது பிள்ளையின் இலாகா. நம் வீடுகளில் நடக்கும் போர் முழுவதும் இரண்டாவது இலாகாவில் நாம் மூக்கை நுழைப்பதால்தான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

சரி, முதல் பிறந்த நாள் வரை கிண்ணத்தை வழித்துத் தின்ற பிள்ளை, அதற்குப் பிறகு ஏன் இப்படி மாறுகிறது? கண் திருஷ்டி இல்லை. கணக்கைப் பாருங்கள். மூன்று கிலோவாகப் பிறந்த குழந்தை ஒரு வருஷத்தில் ஒன்பது கிலோ ஆகிறது. அடுத்த வருஷம் முழுவதும் ஏறுவது சுமார் இரண்டரைக் கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் மெதுவாகிறது. கூடவே, புதுப் பண்டத்தைக் கண்டால் ஒரு சந்தேகமும் இந்த வயதில் பிறக்கிறது. நடக்கக் கற்ற பிள்ளை கண்டதை எடுத்து வாயில் போடாமலிருக்க இயற்கை வைத்த காவல் அது என்கிறார்கள். நாம் ஆசையாக வைக்கும் பீன்ஸ் கறியும் அந்தக் காவலில் மாட்டிக்கொள்கிறது, பாவம்.

காவலைத் தாண்ட ஒரே வழி பழக்கம். லியான் பர்ச் என்ற மனோதத்துவ நிபுணர் 1982-ல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத பழங்களையும் பாலாடைக்கட்டிகளையும் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார். அதிக முறை சுவைத்த பண்டத்தையே பிள்ளைகள் விரும்பின. பத்துத் தடவை, பதினைந்து தடவைகூட ஆகலாம். நாமோ மூன்றாம் நாளே, "என் பிள்ளைக்குக் கீரை பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பைப் பிள்ளையின் காதுபடவே பத்துப் பேரிடம் வாசிக்கிறோம். அவரே 1984-ல் இன்னொன்றும் கண்டார். ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று ஆசை காட்டினால், பிள்ளைகளுக்கு அந்தப் பானத்தின் மேலேயே பிரியம் குறைந்துவிடுகிறது. "கீரை சாப்பிட்டால் சாக்லேட்" என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இனி அடுக்களைக்கு வருவோம். தட்டு சிறியதாக இருக்கட்டும். ஒவ்வொரு பதார்த்தமும் வயதுக்கு ஒரு மேஜைக்கரண்டி போதும். இரண்டு வயதுக்கு இரண்டு. மலைபோல் குவித்த சாதத்தைப் பார்த்தால் நமக்கே பசி போய்விடுகிறது. தெரிந்த பண்டம் ஒன்று தட்டில் கட்டாயம் வேண்டும்; அதன் பக்கத்தில் புதுப் பண்டம் ஒரு துளி.

பணியாரச் சட்டி இருக்கிறதா? அதைவிடச் சிறந்த விளையாட்டுச் சாமான் இல்லை. ஒரு டம்ளர் இட்லி மாவு. எண்ணெயில் வதக்கிய சின்ன வெங்காயம். ஒரு பிடி முருங்கைக் கீரையைப் பொடியாக நறுக்கியது. துருவிய காரட் கொஞ்சம். குழிக்கு அரைக் கரண்டி ஊற்றித் திருப்பிப் போட்டு எடுங்கள். பிள்ளையின் கைப்பிடிக்குச் சரியாக அடங்கும். பிட்டு ஆவி போக விட்டுத்தான் தட்டில் வைக்க வேண்டும். ஒரு முறை வாய் சுட்ட பிள்ளை அந்தச் சட்டியையே மன்னிக்காது.

இரண்டு பங்கு அரிசியும் ஒரு பங்கு பாசிப்பருப்பும் மஞ்சள், சீரகம் சேர்த்துக் குழைய வேகவைத்து, நெய் விட்டு மசியுங்கள். மூன்று பாகமாக்கி ஒன்றில் வெந்த காரட், ஒன்றில் வெந்த பீட்ரூட் பிசைந்து, மூன்றாவதை அப்படியே விட்டு, நெல்லிக்காய் அளவில் மெத்தென்று உருட்டினால் மூன்று வர்ணம். எடுத்துத் தின்கிற சுகத்துக்காகவே இரண்டு உருண்டை உள்ளே போகும். மறுநாள் துணியில் சிவப்பைக் கண்டு பதறாதீர்கள். பீட்ரூட்டின் வேலை அது.

கேழ்வரகை மறக்கக் கூடாது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசி அதற்குப் பக்கத்தில்கூட வராது. மாவுடன் வறுத்துப் பொடித்த மல்லாட்டை, தேங்காய்த் துருவல், கீரை சேர்த்து வெந்நீர் தெளித்துப் பிசைந்து, வாழையிலையில் மெல்லியதாகத் தட்டி, கல்லில் எண்ணெய் விட்டு மூடி வைத்து வேகவிடுங்கள். மிருதுவாக வரும். டப்பி மூடியால் அழுத்திக் காசு காசாக வெட்டினால், கடை வைத்து விளையாடிக்கொண்டே காலியாகும்.

இவ்வளவும் செய்து வைத்த பின், அரை மணிக்கு மேல் பிள்ளையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். தட்டை எடுத்துவிடலாம், முகத்தைச் சுளிக்காமல் எடுக்க வேண்டும், அதுதான் கஷ்டம். அடுத்த வேளைக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் இருக்கட்டும். இடையில் பிஸ்கட்டும் ஜூஸும் தலைகாட்டக் கூடாது. பாலும் அப்படித்தான். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றில் இடமிருக்காது. இரும்புச் சத்தும் குறைந்துபோகும்.

சலிப்பு என்பது பிள்ளைகளுக்கும் உண்டு. 1982 ஜூலை 1-ந் தேதி தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரண்டு வயதிலிருந்தே குழந்தைகளுக்குச் சத்துணவு போட ஆரம்பித்தார்கள். நாள் தவறாமல் சாம்பார் சாதம் என்றால் யாருக்குத்தான் அலுக்காது? 2013-ல் சில ஒன்றியங்களில் சோதனையாக, கறிவேப்பிலை சாதம், தக்காளி சாதம், மிளகு முட்டை என்று பட்டியலை மாற்றினார்கள். பிறகு அது மாநிலம் முழுவதும் வந்தது. ஒரு சர்க்காரே சமையல் குறிப்பை மாற்ற வேண்டியிருந்தது என்றால் நாம் எம்மாத்திரம்!

ஆனால் ஒரு விஷயத்தில் விளையாட்டு கூடாது. சரியாக வளர்ந்துகொண்டே சாப்பாட்டுக்கு அடம் பிடிக்கும் பிள்ளை வேறு. உண்மையிலேயே வாடுகிற பிள்ளை வேறு. இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. 1980-ல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் பாடமே இதுதான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை ஊர் ஊராக மாதா மாதம் தராசில் நிறுத்தார்கள். எந்தப் பிள்ளைக்கு எடை ஏறவில்லையோ அதற்கு மட்டும் தினம் சத்து உருண்டை. எடை தேறியதும் நிறுத்திவிடுவார்கள். உருண்டை செய்து கொடுத்தவர்களில் அந்தந்த ஊர்ப் பெண்களும் உண்டு. தாய்மார் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் பலவற்றைத் தராசு காட்டிக்கொடுத்தது. கடுமையாக வாடிய குழந்தைகளின் தொகை அந்த வட்டாரங்களில் கணிசமாகக் குறைந்தது.

ஆகவே அக்கம்பக்கத்தார் சொல்வதைத் தள்ளிவிட்டு, மாதம் ஒரு முறை எடை போட்டு அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடியில் காசில்லாமலே பார்ப்பார்கள். கோடு மேலே போகிறவரை நிம்மதியாக இருக்கலாம். இரண்டு மூன்று மாதமாகக் கோடு படுத்துவிட்டாலோ, விழுங்கத் திணறினாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ, முகம் வெளிறி மண் தின்ன ஆரம்பித்தாலோ, அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அப்போது பணியாரம் உதவாது.

அடி அண்ணாமலையில் அந்தப் பையன் கடைசியில் தயிர் சாதத்தைத் தொடவில்லை. எட்டோ ஒன்பதோ மல்லாட்டைப் பருப்பும் பாதி வாழைப்பழமும் ஆயிற்று. அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். மூடிய கையில் ஒரு வெறும் தோடு. தாயார் தயிர் சாத டப்பாவைத் திறந்து, வெகு நேரத்துக்குப் பிறகு தனக்கென்று ஒரு கவளம் எடுத்துக்கொண்டாள். மாமியார் எங்கே என்று பார்த்தேன். சாலை ஓரத்தில், வேகவைத்த மல்லாட்டை ஒரு படி என்ன விலை என்று கண்டிப்பாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.