இரு களம் கண்ட கோபாலன்

'இரண்டு தோணியில் கால் வைக்காதே' என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். அவர்கள் சொன்னது தோணியைப் பற்றி மட்டுமன்று என்பதை நாம் அறிவோம். ஆனால், இரண்டு தோணிகளையும் செவ்வனே செலுத்தத் தெரிந்தவன் ஒருவன் இருந்தால் அவன் என் செய்வது? இந்தக் கேள்வியைச் சென்ற மாதம் என்னிடம் கொண்டுவந்தவன் என் மகள் வயிற்றுப் பேரன்.

வெள்ளவத்தையில், கடலோரப் புகைவண்டிப் பாதையின் இரைச்சல் எட்டும் தூரத்தில் எங்கள் வீடு. மாலையில் பேரன் பாடசாலையிலிருந்து வரும்போது தோளில் ஒரு பக்கம் கிரிக்கெட் துடுப்பும் மறுபக்கம் ஹொக்கி மட்டையும் தொங்கும். அன்று அவன் முகம் வாடியிருந்தது. "அம்மப்பா, இனிமேல் இரண்டையும் விளையாட முடியாதாம். ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லிவிட்டார்கள். நான் எதை விடுவது?" என்றான்.

உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அவனை அருகில் இருத்தி, எம். ஜே. கோபாலன் என்ற மனிதரின் கதையைச் சொன்னேன். அந்தப் பெயரை நான் முதன்முதல் கேட்டது அறுபதுகளில். கொட்டாஞ்சேனையிலிருந்து ஐயா என்னைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு பொறளைக்குச் சென்று, அங்கிருந்து நடத்தி ஓவல் மைதானத்துக்கு அழைத்துப் போனார். இலங்கை அணிக்கும் சென்னை அணிக்கும் ஆட்டம். கோபாலன் கிண்ண ஆட்டம் என்றார்கள். "கோபாலன் எங்கே ஐயா, எந்தப் பக்கம் விளையாடுகிறார்?" என்று நான் கேட்டேன். ஐயா சிரித்தார். "அவர் விளையாடி முடித்துவிட்டார் தம்பி. இது அவர் பேரால் மற்றவர்கள் விளையாடுவது" என்றார். அந்த விடையின் பொருள் எனக்கு விளங்க வெகுகாலம் சென்றது.

செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கம் என்ற சிற்றூரில் 1909ஆம் ஆண்டு பிறந்தவர் கோபாலன். சென்னைத் திருவல்லிக்கேணியில் வளர்ந்த அவருடைய வேகப்பந்து வீச்சைக் கண்டு வியந்தவர் சி. பி. ஜோன்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். சென்னைக் கிரிக்கெட்டில் பெயர்பெற்றிருந்த அவர், பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் கோபாலனுக்கு ஓர் உத்தியோகமும் தேடிக் கொடுத்தார். வயிற்றுக் கவலை நீங்கினால்தான் விளையாட்டில் மனம் நிலைக்கும் என்பதை அந்த வெள்ளைக்காரர் அறிந்திருந்தார் போலும்.

1934ஆம் ஆண்டு கோபாலனின் வாழ்வில் பொன்னான ஆண்டு. சனவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில், ஜார்டைன் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியை எதிர்த்து, சி. கே. நாயுடுவின் தலைமையில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆட்டம் ஆடினார். எடுத்தவை 18 ஓட்டங்கள். வீழ்த்தியது ஒரு விக்கெட். பெரிய கணக்கு அன்றுதான். ஆனால் அதே ஆண்டு நவம்பர் 4ஆந் தேதி, ரஞ்சிக் கிண்ணப் போட்டி வரலாற்றின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே தொடங்கியபோது, முதற் பந்தை வீசியவர் இவரே. அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்து போயிற்று. அந்த முதற் பந்தோ முடியாத ஒரு கதையின் தொடக்கமாக நிலைத்துவிட்டது.

இதுவரை சொன்னது ஒரு தோணி. மற்றத் தோணி ஹொக்கி. அது இந்திய ஹொக்கிக்கு நிகரில்லாத காலம். 1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்துக்குப் புறப்பட்ட அணியில் கோபாலனும் இடம்பெற்றார். இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எனச் சுற்றிவந்த அந்த அணி 48 ஆட்டங்களில் 584 கோல்களை அடித்தது. தான் வாங்கியவை 40 மட்டுமே. எதிர்த்து நின்றவர்கள் தோல்வியை எண்ணி அஞ்சியதைவிட அதன் அளவை எண்ணி அஞ்சியிருப்பார்கள். அத்தகைய கூட்டத்தில் ஒருவராக இருப்பதே ஒரு பேறு. ஒரு நாட்டுக்காக இரண்டு விளையாட்டுகளிலும் களம் கண்ட அரியவர்களுள் ஒருவரானார் அந்த மொறப்பாக்கத்துப் பிள்ளை.

அடுத்த ஆண்டில்தான் சோதனை வந்தது. 1936ஆம் ஆண்டுக் கோடையில் கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குப் புறப்படவிருந்தது. அதே கோடையில் பெர்லினில் ஒலிம்பிக் விழா. ஹொக்கித் தேர்வு ஆட்டங்களுக்கும் அவருக்கு அழைப்பு இருந்தது. ஒரே உடம்பு இரண்டு கப்பல்களில் ஏறவியலாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தெரிவு செய்தார்.

விஜயநகர மகாராஜகுமார் தலைமை தாங்கிய அந்தக் கிரிக்கெட் பயணம் உட்பூசலால் கெட்டது. சிறந்த ஆட்டக்காரரான லாலா அமர்நாத் இடைநடுவில் வீட்டுக்கே அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்ட் ஆட்டங்களில் இந்தியா இரண்டில் தோற்றது. ஒன்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அந்த மூன்றில் ஒன்றிலேனும் கோபாலன் களமிறக்கப்படவில்லை. ஆகஸ்ட் 15ஆந் தேதி மூன்றாவது டெஸ்ட் லண்டன் ஓவலில் தொடங்கியது. கோபாலன் அணியில் இல்லை. அதே ஆகஸ்ட் 15ஆந் தேதி பெர்லினில், தியான் சந்தின் அணி ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்று வென்று தங்கப் பதக்கம் சூடியது.

இந்த இடத்தில் பேரன் என்னை நிறுத்தினான். "அப்படியென்றால் அவர் பிழையானதைத் தெரிவு செய்துவிட்டார்" என்றான். கோபாலனின் கதையைச் சொல்வோர் பலரும் இந்த இடத்தில் பெருமூச்செறிந்து இவ்வாறேதான் முடிப்பார்கள். நானும் பல ஆண்டுகள் அவ்விதமே எண்ணியிருந்தேன்.

ஆயினும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் டெஸ்ட் ஆடுவதே அக்காலத்துக் கிரிக்கெட்காரன் கண்ட கனவின் எல்லை. பூசல் மூளும் என்பதும், தாம் கரையில் உட்கார வைக்கப்படுவோம் என்பதும் கப்பலேறும்போது யாருக்குத் தெரியும்? முடிவைக் கண்டபின் தெரிவைப் பழிப்பது எளிது. உண்மையில் பிழை அந்த மனிதரிடம் இல்லை. இரண்டு சங்கங்கள் ஒரே கோடையை இரு பக்கமும் பிடித்து இழுத்ததிலேதான் இருந்தது.

இதற்கு எதிர்மாறான ஒரு காட்சியை அயர்லாந்திலே காணலாம். அந்நாட்டுக்கே உரிய விளையாட்டுகள் இரண்டு. வளைந்த மட்டையால் சிறு பந்தை அடித்தாடும் ஹர்லிங் ஒன்று; கையும் காலும் கொண்டு ஆடும் கேலிக் உதைபந்தாட்டம் மற்றொன்று. இரண்டையும் நடத்துவது 1884இல் தோன்றிய ஒரே சங்கம். அதனால் இரண்டிலும் தேர்ந்தவர்களை அந்த மக்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். கோர்க் நகரத்து ஜாக் லிஞ்ச் 1941 முதல் 1946 வரை ஆறு ஆண்டுகள் இடைவிடாது அகில அயர்லாந்து வெற்றிப் பதக்கம் பெற்றார். ஐந்து ஹர்லிங்கில், ஒன்று உதைபந்தாட்டத்தில். பிற்காலத்தில் அவரே நாட்டின் பிரதமராகவும் விளங்கினார். லிஞ்சின் திறமையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அவருடைய இரண்டு தோணிகளும் ஒரே துறையில் கட்டப்பட்டிருந்தன, கோபாலனுடையவை அவ்வாறில்லை.

நம் நாட்டிலும் இருதுறை வல்லவர் இல்லாமற் போகவில்லை. கிரிக்கெட், ஹொக்கி இரண்டிலும் இலங்கைக்காக ஆடிய சந்திரா ஷாஃப்டரை எங்கள் தலைமுறை நன்கறியும்.

சரி, கோபாலனுக்கு எஞ்சியது என்ன? ஒரே ஒரு டெஸ்ட். கைக்கு எட்டாத ஒரு பதக்கம். அவ்வளவுதானா? இங்கேதான் கொழும்பு அவருடைய கதைக்குள் வருகிறது.

இலங்கைக் கிரிக்கெட் அந்நாளில் கப்பலை நம்பிய கிரிக்கெட். இங்கிலாந்து அணியோ ஆஸ்திரேலிய அணியோ கடல்வழி செல்கையில் கொழும்புத் துறைமுகத்தில் தங்கும் ஒரு பகலில் நம்மவருடன் ஓர் ஆட்டம் ஆடும், மாலையில் கப்பல் சங்கு ஊதும், ஆட்டம் முடிந்துவிடும். 1948 மார்ச் 27ஆந் தேதி பிராட்மன் அணி ஓவலில் ஆடியதும் அப்படியான ஆட்டந்தான். நம் தலைவர் ம. சதாசிவம். ஒரு நாள் ஆட்டத்தில் ஒருவன் தன் ஆற்றலைக் காட்டலாம். ஆனால் தோல்வியிலிருந்து மறுநாள் மீண்டெழப் பழகவியலாது.

அந்தக் குறையைத் தீர்த்தவற்றுள் ஒன்று கோபாலன் கிண்ணம். அவருடைய கால் நூற்றாண்டுக் கிரிக்கெட் சேவையைப் போற்றிச் சென்னையில் நிறுவப்பட்ட அக்கிண்ணத்துக்காக, 1953 தொடக்கம் எழுபதுகளின் நடுப்பகுதி வரை, சில ஆண்டுகள் தவறினாலும், சென்னை அணியும் இலங்கை அணியும் சென்னையிலும் கொழும்பிலுமாக மோதின. டெஸ்ட் தகுதி இல்லாத ஒரு சிறு நாட்டின் இளைஞர்க்கு, நாட்கணக்கில் நின்றாடும் ஆட்டத்தின் பொறுமையைக் கற்பித்த பள்ளிகளுள் அது ஒன்று. 1982 பெப்ருவரியில், பி. சரவணமுத்துவின் பெயர் தாங்கிய அதே ஓவல் மைதானத்தில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியபோது, மக்கள் திரளில் நானும் இருந்தேன். ஐயா அப்போது இல்லை. "அவர் பேரால் மற்றவர்கள் விளையாடுவது" என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று.

கோபாலன் 2003 டிசம்பரில் சென்னையில் காலமானார். வயது தொண்ணூற்று நான்கு. உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களுள் அவரே அப்போது மூத்தவர்.

கதை முடிந்ததும் பேரன் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "நீங்கள் எதை விட்டீர்கள் அம்மப்பா?" என்று கேட்டான். அவன் வயதில் நானும் இரண்டும் ஆடியவன் என்று அவனுடைய தாய் சொல்லியிருக்க வேண்டும். எழுதுவினைஞர் பரீட்சைக்காக இரண்டையுமே ஒரே நாளில் விட்டேன் என்ற உண்மையைச் சொன்னேன். எனக்கு உத்தியோகம் கிடைத்தது, குடும்பம் தழைத்தது, குறையொன்றுமில்லை. ஆனாலும் எந்தத் தோணியிலும் ஏறாமல் கரையில் நின்றுவிட்டவனுக்கு, தவறான தோணியில் ஏறியவன்மேல் ஒருவகைப் பொறாமை உண்டாகத்தான் செய்கிறது.

எதை விடுவதென்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. பாடசாலைக்குச் சென்று, இரண்டுக்கும் நாள் ஒதுக்க வழியுண்டா என்று ஒருமுறை பணிவாகக் கேட்டுப் பார்ப்பதாக வாக்களித்திருக்கிறேன். வழியில்லை என்றால் அவனே தெரிவு செய்யட்டும். தெரிவு செய்த பின் மற்றதை எண்ணி வருந்தாதே என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலையும் அவன் தோளில் இரண்டுமே தொங்கின.